வாட் மோசடியை எது நிறுத்தும்? ஐரோப்பாவின் போட்டி வழிகள் – ஓர் ஒப்பீட்டு அலசல்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பெட்டி செல்போன் நாடு விட்டு நாடு போகும்போது அதன்மேல் வரி இருக்காது. 1993-ல் ஒற்றைச் சந்தை வந்தபோது நாடுகளுக்கு இடையே இருந்த சுங்கச் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஓர் உறுப்பு நாட்டு நிறுவனம் இன்னோர் உறுப்பு நாட்டு நிறுவனத்துக்கு விற்றால் மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், பூஜ்யம் என்றும் வைத்தார்கள். வாங்கியவர் தன் நாட்டில் விற்கும்போது வரியை வசூலித்துக் கட்டிவிடுவார் என்று நம்பினார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் இதைத் தொடங்கினார்கள். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இந்த ஏற்பாட்டில் பணம் பார்ப்பது எப்படி? ஒரு கற்பனைக் கணக்கு. ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனம் 10 லட்சம் யூரோ மதிப்புள்ள போன்களை வரியில்லாமல் போர்ச்சுகலில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்கிறது. அந்தப் போர்ச்சுகல் நிறுவனம் உள்ளூரில் இன்னொருவருக்கு 23 சதவீத வாட் சேர்த்து விற்கிறது. 2,30,000 யூரோ வரிப்பணம் அதன் கைக்கு வருகிறது. அதை அரசுக்குக் கட்டாமல் ஆள் மறைந்துவிடுகிறார். அலுவலகம் என்று பதிவான முகவரியில் ஒன்றும் இருக்காது. இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவர் ஒரு பினாமி. அவரிடம் வாங்கியவரோ முறையான பில் வைத்திருக்கிறார். போன்கள் இன்னும் ஒன்றிரண்டு கை மாறி, மறுபடியும் ஜெர்மனிக்குப் பூஜ்ய வரியில் போகின்றன. அனுப்பிய கடைசி நிறுவனம், "நான் கட்டிய வாட்டைத் திருப்பித் தாருங்கள்" என்று போர்ச்சுகல் அரசிடம் கேட்கிறது. தன் கைக்கே வராத பணத்தை அரசு திருப்பித் தருகிறது. அதே போன்கள் அடுத்த சுற்றுக்குக் கிளம்புகின்றன.

நம் ஜிஎஸ்டி பழக்கமானவர்களுக்கு ஒரு வித்தியாசம் புரியும். இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் விற்றாலும் ஐஜிஎஸ்டி உண்டு. வரிச் சங்கிலி எல்லையில் அறுவதில்லை. ஐரோப்பாவில் அறுகிறது. போலி பில் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் எல்லையில் வரி பூஜ்யமாகும் இந்த ஓட்டை ஐரோப்பாவுக்கே உரியது.

இந்த வகை மோசடியால் உறுப்பு நாடுகள் ஆண்டுக்கு 4,000 கோடி முதல் 6,000 கோடி யூரோ வரை இழப்பதாக ஒன்றியத்தின் காவல் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோல் முன்வைக்கும் மதிப்பீடு சொல்கிறது. இதை நிறுத்த ஐரோப்பாவில் சில வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. வரி விதியையே மாற்றுவது, எல்லா பில்லையும் கணினியில் பார்ப்பது, வங்கிக் கணக்கைக் கவனிப்பது, குற்றவாளிகளைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புவது. எல்லாமே வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் பணம், ஆள், அரசியல் விருப்பம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அதனால் எதற்கு முதலிடம் என்று கேட்பது அவசியம். நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: மறைந்துபோகும் நிறுவனம் உயிரோடு இருப்பது சில மாதங்கள். அதற்குள் கை வைக்க முடிகிற வழி எது? அப்படிக் கை வைக்கும்போது நேர்மையான வியாபாரியின் கழுத்தை நெரிக்காத வழி எது?

விதியை மாற்றுவது

மிக வேகமாக வேலை செய்வது இதுதான். விற்பவர் வரி வசூலிக்க வேண்டாம், வாங்குபவரே தன் கணக்கில் காட்டட்டும் என்று சட்டம் மாற்றினால், நடுவில் நிற்பவர் சுருட்டிக்கொண்டு ஓடக் கையில் வரிப்பணமே இருக்காது. வரிப் பொறுப்பை வாங்குபவருக்கு மாற்றும் முறை என்று இதைச் சொல்லலாம்.

இதன் பலத்தைக் கார்பன் சந்தையில் கண்ணால் பார்த்தார்கள். 2008, 2009-ல் கரியமில வாயு வெளியேற்ற உரிமைகளை வைத்து இதே சுழல் மோசடி நடந்தது. தூக்கிச் செல்லச் சரக்கே இல்லை. கணினியில் சில நொடிகளில் நாடு மாறிவிடும். 18 மாதங்களில் சுமார் 500 கோடி யூரோ போனதாகவும், சில நாடுகளில் வர்த்தகத்தில் 90 சதவீதம் வரை மோசடியாக இருந்திருக்கலாம் என்றும் 2009 டிசம்பரில் யூரோபோல் சொன்னது. பிரான்ஸ் அந்த ஆண்டு ஜூனில் இந்த உரிமைகளுக்கு வாட் இல்லை என்று அறிவித்தவுடன், பாரிஸ் சந்தையில் வர்த்தக அளவு சரிந்தது. ஓர் அறிவிப்பு சாதித்ததை எந்த நீதிமன்றமும் அந்த வேகத்தில் சாதித்திருக்க முடியாது.

குறை என்னவென்றால், மோசடிக்காரர்கள் வேறு சரக்குக்கு நகர்ந்துவிடுகிறார்கள். 2013-ல் இந்த விதியை அனுமதித்த பட்டியலைப் பாருங்கள்: செல்போன், சிப், டேப்லெட், மடிக்கணினி, விளையாட்டு கன்சோல், எரிவாயு, மின்சாரம், தானியம், உலோகம். மோசடி எங்கெல்லாம் ஓடியது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. எல்லாச் சரக்குக்கும் இதையே கொண்டுவந்தால் வாட்டின் அடிப்படைப் பலமே போகும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரி சேர்வதால்தான் ஒருவர் ஏமாற்றினாலும் மொத்தமும் போகாமல் இருக்கிறது. கடைசிக் கடைக்காரர் ஒருவரை மட்டும் நம்பி முழு வரியையும் வைப்பது பழைய விற்பனை வரிக்குத் திரும்புவது போலத்தான். ஆகவே இது அவசரத்துக்கு நல்லது. வீட்டில் நீர் கசியும் இடத்தில் சிமெண்ட் பூசுவது மாதிரி, அடுத்த இடத்தில் கசியும்வரை தாங்கும்.

எல்லா பில்லையும் பார்ப்பது

இங்கேதான் டிஜிட்டல் கருவிகள் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றின. ஸ்பெயின் 2017 ஜூலை 1 முதல் பெரிய நிறுவனங்கள் பில் விவரங்களை 4 நாட்களுக்குள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்றது. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 ஜனவரி 1 முதல் அங்கே தனியார் நிறுவனங்களுக்கு இடையிலான பில்லே அரசின் பரிமாற்றத் தளம் வழியாகத்தான் போக வேண்டும். நான் உங்களுக்கு பில் போட்டால் அது முதலில் அரசுக் கணினிக்குப் போய், சரிபார்த்த பிறகு உங்களுக்கு வரும். தளத்தில் ஏறாத பில் பில்லே இல்லை. வாட் உள்ள ஐரோப்பிய நாடுகளில் இப்படிக் கட்டாயமாக்கியதில் இத்தாலிதான் முன்னோடி. அதற்கு ஒன்றியத்தின் சிறப்பு அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது.

பலன்? ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்காகத் தயாரான 2023 அறிக்கைப்படி, 2021-ல் இத்தாலியின் வாட் இடைவெளி, அதாவது வர வேண்டிய வரிக்கும் வந்த வரிக்கும் உள்ள வித்தியாசம், ஒரே ஆண்டில் 10 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் சுருங்கியது. பெருந்தொற்றுக்குப் பிறகு பொருளாதாரம் மீண்டதும் இதில் கலந்திருக்கிறது என்பதால் முழுப் புகழையும் கணினிக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் திசை தெளிவு.

அதே இத்தாலியில்தான் 2024 நவம்பரில் மிலான், பலெர்மோ நகரங்களில் இருந்து ஒரு பெரிய வழக்கு வெளியே வந்தது. ஐடி பொருட்களை வைத்து நடந்த சுழல் மோசடி. மதிப்பிட்ட வரி இழப்பு 52 கோடி யூரோ. 2020 முதல் 2023 வரை 130 கோடி யூரோ அளவுக்குப் போலி பில் ஓடியிருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கத்துக் கமோரா, சிசிலியின் கோசா நோஸ்த்ரா என்ற இரண்டு மாஃபியாக் கும்பல்களுக்கும் இதில் தொடர்பு உண்டு என்பது விசாரணையாளர்கள் தரப்பு. ஒவ்வொரு பில்லும் அரசுக் கணினி வழியாகப் போகும் நாட்டில், அந்த ஏற்பாடு வந்த பிறகான ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது. இந்த ஒரு வழக்கை வைத்தே நான் கருவியின் எல்லையைப் புரிந்துகொள்கிறேன். கணினி பில்லைப் பார்க்கும். பில்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்காது. பில்லில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். சரக்கு உண்மையிலேயே நகர்ந்ததா, இயக்குநர் பினாமியா, பணம் கடைசியில் யார் கணக்குக்குப் போனது என்பதெல்லாம் வேறு வேலை.

இன்னொரு சிக்கல், நாட்டு எல்லை. இத்தாலியின் தளம் இத்தாலிய பில்லைத்தான் முழுதாகக் காணும். எல்லை தாண்டிய விற்பனைக்கு நாடுகள் மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை சுருக்கப் பட்டியல்தான் பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பட்டியல் கைக்கு வரும்போது ஆள் பறந்திருப்பார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் யூரோஃபிஸ்க் என்ற அதிகாரிகள் வலையமைப்பு 2019 மே மாதம் முதல் பரிவர்த்தனை வலை அலசல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. எந்த நிறுவனம் யாரோடு வியாபாரம் செய்கிறது என்ற கோலத்தை வரைந்து, புதிதாகப் பிறந்து திடீரென்று கோடிகளில் வாங்கும் நிறுவனத்தைச் சுட்டிக்காட்டும். நல்ல யோசனை. ஆனால் ஊட்டப்படும் தரவே பழையது.

இதற்குப் பதிலாக வந்திருப்பதுதான் டிஜிட்டல் யுக வாட் என்ற சட்டத் தொகுப்பு. 2022 டிசம்பரில் ஆணையம் முன்வைத்தது. 2025 மார்ச் 11-ல் உறுப்பு நாடுகளின் மன்றம் ஏற்றது. 2030 ஜூலை 1 முதல் எல்லை தாண்டிய நிறுவன விற்பனைகளுக்கு மின்னணு பில் கட்டாயம். 10 நாளில் பில், கூடவே தகவல் அறிக்கை. நாட்டுக்கு நாடு வேறாக ஏற்கெனவே இருக்கும் தளங்கள் 2035-க்குள் இதோடு பொருந்த வேண்டும். இதனால் ஆண்டுக்கு 1,100 கோடி யூரோ வரை மோசடி குறையும் என்பது ஆணையத்தின் கணிப்பு. மாதக் கணக்கில் இருந்த தாமதம் நாள் கணக்குக்கு வருவதுதான் இதில் பெரிய விஷயம். சில மாதம் வாழும் நிறுவனத்தை அது உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடிகிற முதல் ஐரோப்பிய ஏற்பாடு இது.

போலந்து வேறு பக்கம் இருந்து வந்தது. பில்லைவிட வங்கிக் கணக்கைப் பார்ப்பது என்று முடிவு செய்தது. 2018 முதல் அங்கே வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றும் தீர்வகத்தின் கணினி, நிறுவனக் கணக்குகளின் நடமாட்டத்தை அலசி வரித்துறைக்கு அபாயக் குறிப்பு தருகிறது. வரித்துறைத் தலைவர் ஒரு கணக்கை 72 மணி நேரம் முடக்கலாம். பிறகு 3 மாதம் வரை நீட்டிக்கலாம். பணம் ஓடும் முன் பிடிக்கிறது என்பதால் வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கை 3 மாதம் மூடினால் சம்பளம், வாடகை, சரக்குக் கடன் எல்லாம் நின்றுபோகும். தப்பாக முடக்கப்பட்டவருக்குப் பிறகு நீதிமன்றத்தில் கிடைக்கும் வெற்றி, மூடிய கடையைத் திறக்காது. இந்த வழியை நான் இத்தாலியத் தளத்துக்குக் கீழேதான் வைப்பேன்.

வழக்குத் தொடுப்பது

குற்றவியல் சட்டத்தின் கதை ஒரு கிரேக்க மக்காச்சோளக் கப்பலில் தொடங்குகிறது. 1986-ல் யூகோஸ்லாவியாவின் மக்காச்சோளத்தைக் கிரேக்க மக்காச்சோளம் என்று சொல்லி பெல்ஜியத்துக்கு அனுப்பி, ஒன்றியத்துக்குச் சேர வேண்டிய வரியை ஏமாற்றினார்கள். கிரேக்க அரசு யார்மீதும் சரியாக நடவடிக்கை எடுக்கவில்லை. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1989-ல் சொன்னது: உங்கள் சொந்தப் பணத்தைத் திருடினால் எப்படித் தண்டிப்பீர்களோ அப்படியே ஒன்றியத்தின் பணத்தைத் திருடினாலும் தண்டிக்க வேண்டும். வாட் வசூலில் ஒரு பங்கு ஒன்றிய நிதிக்குப் போகிறது. அதனால் வாட் மோசடியும் இந்தக் கடமைக்குள் வருகிறது.

சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கவில்லை. 1999-ல் தொடங்கிய ஓலாஃப் என்ற மோசடித் தடுப்பு அலுவலகம் நிர்வாக விசாரணைதான் நடத்தும். கைது செய்யாது, வழக்குப் போடாது. அறிக்கை எழுதிப் பரிந்துரைக்கும். ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2019-ல் கணக்குப் பார்த்தபோது, அந்த விசாரணைகளில் பாதிக்கும் குறைவானவைதான் வழக்காக மாறியிருந்தன. திரும்பி வந்த பணம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பரிந்துரை போய்ச் சேரும் நாட்டு அரசு வழக்கறிஞருக்கு வேறு ஆயிரம் வழக்கு இருக்கும். பக்கத்து நாட்டில் போன வரிப்பணம் அவருக்கு அவசரமில்லை.

வழக்கு வந்தாலும் முடிவதில்லை. இத்தாலியின் குனேயோ நகர நீதிமன்றத்தில் ஷாம்பெயின் மதுவை வைத்து 2005 முதல் 2009 வரை நடந்த சுழல் மோசடி வழக்கு ஒன்று வந்தது. விசாரணை முடிவதற்குள் தண்டிப்பதற்கான காலக்கெடு முடிந்து வழக்கு காலாவதி ஆகிவிடும் என்று தெரிந்தே அந்த நீதிபதி ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்டார். 2015-ல் வந்த பதில் கடுமையாக இருந்தது: பெரிய வாட் மோசடிகள் தண்டனையின்றிப் போகும்படி உங்கள் காலாவதிச் சட்டம் இருந்தால் அதை ஒதுக்கிவையுங்கள். இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிடக் கடுமையான விதியைப் பின்னால் கொண்டுவந்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது. 2017 டிசம்பரில் லக்சம்பர்க் இறங்கி வந்தது. அந்த அடிப்படை உரிமை மீறப்படும் என்றால் காலாவதியை ஒதுக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டது. இத்தாலிய நீதிபதிகள் நின்ற நிலை சரியானது என்றே நினைக்கிறேன். மோசடிக்காரன் தப்பிப்பது எரிச்சல்தான். ஆனால் விசாரணையை வேகப்படுத்த முடியாத அரசு, பழைய குற்றத்துக்குப் புதிய விதியைப் போட்டு ஈடுகட்டுவது ஆபத்து.

இந்தப் பின்னணியில்தான் 2021 ஜூன் 1-ல் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் வேலையைத் தொடங்கியது. தலைமையகம் லக்சம்பர்க். முதல் தலைமை வழக்கறிஞர் லாரா கொத்ருட்சா கோவெஷி. ருமேனியாவின் ஊழல் தடுப்பு இயக்ககத்தை நடத்தி, 2018-ல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அந்த நீக்கத்துக்கு எதிராக 2020-ல் தீர்ப்புப் பெற்றவர். இந்த அலுவலகத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு வழக்கறிஞர்களே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உத்தரவு வாங்குவது தங்கள் அமைச்சரிடம் அல்ல, லக்சம்பர்க்கில். வழக்கு நடப்பது அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளைத் தொட்டு, இழப்பு குறைந்தது 1 கோடி யூரோவாக இருந்தால்தான் வாட் வழக்கு இவர்கள் கைக்கு வரும்.

இந்த அமைப்பின் பயன் என்ன என்பதை அட்மிரல் வழக்கு காட்டியது. 2021 ஏப்ரலில் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகர வரித்துறை, செல்போன், டேப்லெட், இயர்போன் விற்கும் ஒரு நிறுவனத்தைச் சந்தேகித்தது. போர்ச்சுகலுக்குள் இருந்து பார்த்தால் பில்களும் வரிக் கணக்குகளும் ஒழுங்காக இருந்தன. உள்ளூர் அதிகாரிக்கு அதோடு கோப்பை மூடுவதைத் தவிர வழியில்லை. ஐரோப்பிய அலுவலகம் எடுத்தபின், யூரோபோல் அலசலோடு மற்ற நாடுகளின் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு நிறுவனத்திலிருந்து கிளம்பி, சுமார் 9,000 நிறுவனங்களும் 600-க்கும் மேற்பட்ட ஆட்களும் அடங்கிய வலை தெரிந்தது. 2022 நவம்பர் 29-ல் 14 நாடுகளில் ஒரே நேரத்தில் 200-க்கும் மேற்பட்ட சோதனைகள். மதிப்பிட்ட இழப்பு 220 கோடி யூரோ. தொடங்கிய 18 மாதத்துக்குள் ஒரு புது அலுவலகம் இதைச் செய்தது.

2024 முடிவில் அந்த அலுவலகத்தில் நடப்பில் இருந்த விசாரணைகள் 2,666. மதிப்பிட்ட இழப்பு 2,480 கோடி யூரோ. அதில் பாதிக்கும் மேல், 1,315 கோடி, வாட் மோசடி. நிறுவப்பட்ட நோக்கத்தில் மானிய மோசடிதான் பெரிதாகத் தெரிந்தது. வந்து குவிந்தது வாட். நாடுகள் தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாமல் இருந்தது எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆதாரம் சேகரிக்கும் வேகத்திலும் வித்தியாசம் பெரிது. சாதாரணமாக ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டில் சோதனை போட வேண்டும் என்றால் ஐரோப்பிய விசாரணை ஆணை அனுப்ப வேண்டும். ஏற்க 30 நாள், நிறைவேற்ற 90 நாள் என்பது அதன் கெடு. சுழலில் இருக்கும் நிறுவனத்துக்கு அது ஓர் ஆயுள். ஐரோப்பிய அலுவலகத்தில் அந்த ஆணையே தேவையில்லை. மியூனிக்கில் இருக்கும் வழக்கறிஞர் வியன்னாவில் இருக்கும் தன் சக வழக்கறிஞருக்கு வேலையை ஒதுக்கிவிடுகிறார். அப்படி நடந்த ஒரு பயோடீசல் வழக்கில்தான் ஒரு நல்ல கேள்வி எழுந்தது. ஆஸ்திரியாவில் ஒருவர் வீட்டைச் சோதனை போடும்போது, அது தேவையா என்று பார்ப்பது எந்த நாட்டு நீதிபதி? 2023 டிசம்பர் 21-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வேலையைப் பிரித்தது. சோதனை நியாயமா என்பதை வழக்கை நடத்தும் நாடு பார்க்கும். எப்படி நடத்துவது என்பதை மட்டும் சோதனை நடக்கும் நாடு பார்க்கும். கூடவே, வீட்டுச் சோதனை போன்ற கடுமையான நடவடிக்கைக்கு வழக்கை நடத்தும் நாட்டில் முன்கூட்டியே நீதிபதியின் பார்வை இருக்க வேண்டும் என்றது. வேகத்துக்கும் உரிமைக்கும் இடையே இது நல்ல ஏற்பாடு.

மின்னஞ்சல், கிளவுட் கணக்கு போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2023-ல் நிறைவேறிய மின்னணுச் சான்று ஒழுங்குமுறை அமலாகும் தேதி 2026 ஆகஸ்ட் 18. ஒரு நாட்டு நீதித்துறை இன்னொரு நாட்டில் உள்ள சேவை நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கலாம். 10 நாளில் தர வேண்டும், அவசரம் என்றால் 8 மணி நேரத்தில். விசாரணை ஆணையின் 120 நாளோடு ஒப்பிட்டால் உலகமே வேறு.

இவ்வளவு சொன்ன பிறகும் என் அளவுகோலில் குற்றவியல் வழி முதலிடம் பெறாது. அட்மிரல் வெளியே வந்தபோது பணம் போய்விட்டிருந்தது. வழக்கு தண்டிக்கும், தலைவர்களைப் பிடிக்கும், வலையை உடைக்கும். இன்று காலை பதிவான லெட்டர்பேட் கம்பெனியை அது தடுக்காது.

மதிப்பெண் தீர்ப்பாகும்போது

கருவிக்கு முதலிடம் என்று சொல்பவர்கள் நெதர்லாந்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்க வரித்துறை அபாய மதிப்பெண் போடும் ஒரு மாதிரியைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாதது அதில் ஒரு குறியீடாக இருந்தது. படிவத்தில் சின்னத் தவறு செய்த குடும்பங்கள்கூட மோசடிக்காரர்கள் ஆனார்கள். பல்லாயிரம் யூரோவை மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பெற்றோர் கடனில் மூழ்கினார்கள். வீடு, வேலை, குடும்பம் என்று இழந்தவர்கள் உண்டு. 2021 ஜனவரி 15-ல் பிரதமர் ருட்டேயின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 2021 டிசம்பரில் 27.5 லட்சம் யூரோவும், சந்தேகப் பட்டியல் ஒன்றை வைத்திருந்ததற்காக 2022-ல் மேலும் 37 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. அரசு தன் சொந்த வரித்துறைக்கே அபராதம் போட வேண்டிய நிலை.

வேறொரு கருவிக்கு அதற்கு முன்பே தடை வந்திருந்தது. ஏழைப் பகுதிகளில் உதவித்தொகை மோசடியைத் தேடிய சிரி (SyRI) என்ற அரசு மென்பொருளை, அது எப்படி முடிவெடுக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5-ல் நிறுத்தியது.

வாட் கருவிகளுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இலக்கு. பில் தளம் நிறுவனங்களின் பரிவர்த்தனையைப் பார்க்கிறது. டச்சுக் கருவி குடும்பங்களைப் பார்த்தது. ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் போகிறது. ஒரு மனிதர் குற்றம் செய்வார் என்று அவருடைய பண்புகளை மட்டும் வைத்துக் கணிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. நிறுவனங்களின் சந்தேகப் பரிவர்த்தனைகளை அலசி நிதி மோசடி வாய்ப்பைக் கணிப்பது அந்தத் தடையில் வராது என்று முன்னுரைப் பகுதியில் சொல்கிறது. அதோடு, வரி, சுங்கத் துறைகளின் நிர்வாக வேலைக்கான கருவிகளைச் சட்ட அமலாக்கத்துக்கான உயர் அபாய வகையில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி விலக்குதான் எனக்கு உறுத்துகிறது. டச்சுக் குடும்பங்களை அழித்ததும் ஒரு வரித்துறையின் நிர்வாகக் கருவிதானே?

நிறுவனம் என்றால் பாதிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006 முதல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் நிலைப்பாடு இது: சங்கிலியில் மோசடி இருப்பது ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், அவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது. இந்தத் "தெரிந்திருக்க வேண்டும்" என்பது எவ்வளவு தூரம் நீளும்? நாளைக்குக் கணினி ஒரு நிறுவனத்துக்குச் சிவப்பு மதிப்பெண் போட்டிருந்தால், அதனிடம் வாங்கியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதாடுவார்களா? அந்த மதிப்பெண் அவர் கண்ணுக்கே படாது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 நவம்பரிலேயே, எல்லா பில்லின் முழு விவரத்தையும் அரசு சேமித்துவைப்பது அளவுக்கு மீறியது என்று வரித்துறையை எச்சரித்தது. பிறகு நோயாளிகளுக்கான மருத்துவ பில்களை அந்தத் தளத்தில் ஏற்றக் கூடாது என்றாக்கினார்கள். கருவி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எதைப் பார்க்கலாம் என்று வரம்பு போட்டார்கள். அந்த அணுகுமுறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

என் வரிசை

முதல் இடம், நாள் கணக்கில் பில்லைப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: கணினி எழுப்புவது கேள்வியாக மட்டும் இருக்க வேண்டும். வரியைத் திருப்பித் தருவதை நிறுத்துவதோ வாட் எண்ணை ரத்து செய்வதோ ஓர் அதிகாரி பெயர் போட்டு, காரணம் எழுதி, கெடு வைத்துச் செய்யும் முடிவாக இருக்க வேண்டும். அடுத்த இடம் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு. மிலான் வழக்கு போன்றவற்றில் பினாமிக்குப் பின்னால் நிற்கும் ஆளைத் தொட அதைவிட்டால் வழியில்லை. வரிப் பொறுப்பை மாற்றும் விதி அவசர மருந்தாக இருக்கட்டும். போலந்து மாதிரியான கணக்கு முடக்கம், 72 மணி நேரத்துக்கு மேல் போனால் நீதிபதி கையெழுத்தோடு மட்டும். ஓலாஃப், சுங்க வரி, மானியம் போன்ற தன் இடத்தில் நன்றாகவே உழைக்கிறது. வாட் சுழலுக்கு அது போதாது.

இந்த வரிசையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தொடக்கத்தில் 22 நாடுகளோடு இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் 2024-ல் போலந்தும் ஸ்வீடனும் சேர்ந்தன. அப்போது ஹங்கேரி, டென்மார்க், அயர்லாந்து மூன்றும் வெளியே நின்றன. அவற்றில் டென்மார்க்கும் அயர்லாந்தும் ஐரோப்பிய விசாரணை ஆணையிலும் இல்லை. அங்கே ஒரு சோதனை போட வேண்டும் என்றால் பழைய பரஸ்பர உதவிக் கடிதம்தான். வாட் சட்டம் மட்டும் 27 நாடுகளுக்கும் பொது. ஆக 2030 ஜூலை 1-க்குப் பிறகு டப்ளினில் பதிவான ஒரு கம்பெனியின் பில் விவரம் சில நாட்களில் லிஸ்பனுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கம்பெனியின் அலுவலகக் கதவைத் தட்ட மட்டும் லிஸ்பன் வழக்கறிஞர் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மென்பொருளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை இந்த இரண்டு தலைநகரங்களோடு பேசுவதற்கும் செலவிட்டால் நன்றாக இருக்கும்.